மைக் வரிசை வைத்து இரைச்சலைத் தேடும்போது

காற்றுச்சுரங்கத்தில் இறக்கை மாதிரியை நிறுத்தி, எதிரே மைக்ரோஃபோன் வரிசையை மாட்டி, பீம்ஃபார்மிங் (எல்லா மைக்குகளின் பதிவையும் சேர்த்து ஒலியை வண்ணப் படமாக்கும் கணக்கு) மூலம் இரைச்சல் கிளம்பும் இடத்தைத் தேடுகிறோம். புதிதாக வருபவர்கள் எல்லாரும் நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். ஒயர் மாற்றிச் செருகுவது, அளவுதிருத்தம் மறப்பது எல்லாம் தானே தெரிந்துவிடும், விடுங்கள்.

உச்ச நிறத்தையே ஒலி அளவாகப் படிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவர் சாதாரணப் பின்விளிம்பை அரை மீட்டர் வரிசையால் அளந்திருந்தார். இரைச்சலைக் குறைக்க ரம்பப்பல் போல் வெட்டிய விளிம்பு தயாரானபோது புதிய ஒரு மீட்டர் வரிசை வந்துவிட்டது, அதில் அளந்தார். படத்தின் உச்சம் 3 டெசிபெல் குறைவு. "பல் வேலை செய்கிறது சார்" என்று கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார். பழைய விளிம்பைப் புதிய வரிசையில் அளக்கச் சொன்னேன். அதிலும் அதே 3 டெசிபெல் குறைவு!

காரணம் எளிது. பின்விளிம்பு ஒரு புள்ளி அல்ல, நீண்ட கோடு. வரிசையின் பார்வை அகலத்துக்குள் விழும் துண்டு முழுவதும் சேர்ந்துதான் அந்த உச்சம். அகலம் சுமார் அலைநீளம் × தூரம் ÷ வரிசையின் விட்டம். 1.5 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு மீட்டர் வரிசைக்கு 1 கிலோஹெர்ட்ஸில் அரை மீட்டர், 4 கிலோஹெர்ட்ஸில் 13 சென்டிமீட்டர். ஆகவே உச்சங்களைக் கோத்து நிறமாலை வரைந்தால், இரைச்சல் மாறாவிட்டாலும் கோடு 6 டெசிபெல் சரியும்.

உச்சத்தை விடுங்கள். விளிம்பின் நடுப்பகுதியில் ஒரு பரப்பை எடுத்து ஆற்றலைக் கூட்டுங்கள். அதே பரப்பில் கணினியில் உருவாக்கிய புள்ளிமூலத்தின் கூட்டுத்தொகையால் வகுங்கள். பக்கத் தகட்டோடு இறக்கை சேரும் மூலைகளைச் சேர்க்காதீர்கள். அங்கே வேறொரு இரைச்சல் உட்கார்ந்திருக்கும்.

தாரையின் ஓரத்தை மறப்பது

சுவரில்லாத திறந்த காற்றுத் தாரையில் மாக் 0.2 (ஒலிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு) வேகம், மூலத்திலிருந்து தாரையின் ஓரம் அரை மீட்டர் என்றால், தாரைக்கு வெளியே நேர் எதிரே வைத்த வரிசையில் மூலம் சுமார் 10 சென்டிமீட்டர் கீழ்க்காற்றுப் பக்கம் தள்ளித் தெரியும். இந்த நகர்வைச் சரிசெய்யும் அமியட் திருத்தம் போடாமல் "விளிம்புக்குப் பின்னால் சத்தம்" என்று வருபவர்கள் ஏராளம்.

40 டெசிபெல் வண்ணப் பட்டை

படத்தின் வண்ணப் பட்டையை உச்சத்திலிருந்து 40 டெசிபெல் கீழே வரை நீட்டினால், பக்கக் கதுப்பெல்லாம் (வரிசையே உண்டாக்கும் போலிப் புள்ளிகள்) மூலமாகத் தெரியும். 12 போதும்.

மூலைவிட்டம்

மைக் முகத்தில் காற்று உரசுகிறதா? மைக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தை (ஒவ்வொரு மைக்கும் தன்னோடு தானே ஒப்பிடப்படும் இடம்) நீக்குங்கள்.

கிளீன்-எஸ்சி போட்டால் எல்லாம் சரி என்பது

படத்திலிருந்து பக்கக் கதுப்புகளைத் துடைக்க 2007-ல் சைட்ஸ்மா தந்த அருமையான முறைதான். ஆனால் உச்சத்தோடு ஒத்திசைந்த அனைத்தையும் அது துடைத்துவிடும். ஒன்றோடொன்று ஒத்திசையும் இரண்டு உண்மையான மூலங்கள் இருந்தால், பலவீனமானது காணாமல் போகும். அப்புறம் படத்தில் தேடிப் பயனில்லை.