மார்சியானோவும் ஃப்யூரியும் மோதினால்? கற்பனை ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் போட்டியைக் கணிக்கும் முறை

"முகமது அலியும் டைசன் ஃப்யூரியும் மோதினால் யார் ஜெயிப்பார்?" என்று கேட்டதும் ஒரு கூட்டம் "ஃப்யூரி 6 அடி 9 அங்குலம், பேச்சே இல்லை" என்னும். இன்னொரு கூட்டம் "அலி அலிதான்" என்னும். இரண்டுமே பதில் ஆகாது. உருவம் பெரியதா, திறமை பெரியதா என்பதை மோதலுக்கு மோதல் எடைபோட நான் பின்பற்றும் முறையைக் கீழே தருகிறேன். ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து), கிளிஞ்ச் (எதிராளியைக் கட்டிப்பிடித்துக்கொள்வது) என்றால் என்ன என்று தெரிந்தால் போதும்.

தேவையானவை

பாக்ஸ்ரெக் (வீரர்களின் போட்டி விவரங்கள் உள்ள இணையத் தளம்), முழுநீளப் போட்டி வீடியோக்கள், ஒரு நோட்டு. ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் எல்லோருமே மாவீரர்கள். வீடியோ கேமும் வேண்டாம். அதிலுள்ள மதிப்பெண்களை யாரோ முன்பே உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

கணினியிடம் கேட்டால் என்ன என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1967-இல் வீரர்களின் விவரங்களைக் கணினிக்குள் ஊட்டி, வானொலியில் கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை நடத்தினார்கள். அதில் அலி பழைய சாம்பியன் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். கடுப்பான அலி வழக்கே போட்டார். அப்புறம் அலியையும் ராக்கி மார்சியானோவையும் வளையத்துக்குள் நடிக்கவைத்துப் படமெடுத்தார்கள். 1970-இல் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் ஓடிய பதிப்பில் அலி ஜெயித்தார்!

படி 1: ஆளோடு நாளையும் குறியுங்கள்

வெறுமனே "ஃபோர்மேன்" என்று எழுதினால் எந்த ஃபோர்மேன்? 1973-இல் ஃப்ரேசியரை உருட்டியவரா, 1994-இல் 45 வயதில் 250 பவுண்டு எடையோடு மூரரை வீழ்த்தியவரா? அதேபோல், 2002-இல் மெம்ஃபிஸில் லெனாக்ஸ் லூயிஸிடம் விழுந்த மைக் டைசனைக் காட்டி, 1988-இல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்த டைசனைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கூடாது.

தேதி முடிவானதும் அந்தத் தேதியின் எடையை எழுதுங்கள். இதிலும் கவனம் வேண்டும். 2024 மே மாதம் ரியாத்தில் ஃப்யூரியோடு மோதிய உசிக்கின் எடை முதலில் 233.5 என்று அறிவிக்கப்பட்டு, பிறகு 223.5 என்று திருத்தப்பட்டது. பத்து பவுண்டு வித்தியாசம் நம் கணக்கையே மாற்றிவிடும்.

படி 2: விதியை முடிவு செய்யுங்கள்

12 சுற்றா, 15 சுற்றா? சின்ன விஷயமாகத் தெரியும். 1952-இல் மார்சியானோ பட்டம் வென்றது 13-ஆம் சுற்றில். அதுவரை மூன்று நடுவர்களின் அட்டையிலும் எதிராளி வால்காட்தான் முன்னிலை. 12 சுற்றோடு மணி அடித்திருந்தால் 49 வெற்றி, தோல்வியே இல்லை (49-0) என்ற புகழ்பெற்ற கணக்கே இருந்திருக்காது.

படி 3: உருவத்தை மூன்றாகப் பிரியுங்கள்

உயரம், கை வீச்சு, எடை. தனித்தனியே எழுதுங்கள். 2019-இல் ஜோஷுவாவைக் கவிழ்த்த ரூயிஸ் அவரைவிட இருபது பவுண்டு கனம், ஆனால் நாலு அங்குலம் குட்டை. இதில் பெரியவர் யார்? மூன்றில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் நான் கை வீச்சைத்தான் கேட்பேன்.

படி 4: பெரியவர் நல்ல ஆட்டக்காரரா?

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. விவாதங்கள் பாதை மாறுவதும் இங்கேதான்.

"திறமை இருந்தால் உருவம் ஒன்றும் செய்யாது" என்பவர்கள் எடுத்து நீட்டும் பட்டியல் தெரிந்ததே. 1919-இல் 187 பவுண்டு டெம்ப்ஸி, 245 பவுண்டு வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை சாய்த்தார். 1935-இல் 196 பவுண்டு ஜோ லூயிஸ், 260 பவுண்டு கார்னெராவை ஆறாவது சுற்றில் முடித்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வில்லர்டுக்கு அப்போது 37 வயது. மூன்று வருடமாகப் பட்டத்தைப் பணயம் வைத்து ஆடியிருக்கவில்லை. கார்னெராவின் தொழில்நுட்பம் பற்றி யாரும் கவிதை எழுதியதில்லை. பெரிய உருவமும் சுமாரான ஆட்டமும் சேர்ந்தால் மேதையிடம் தோற்கும் என்பதைத்தான் இவை காட்டுகின்றன.

நமக்கு வேண்டியது பெரியவராகவும் நல்ல ஆட்டக்காரராகவும் இருப்பவரை மேதை சந்தித்த போட்டிகள். 1992-இல் ஹோலிஃபீல்ட் 205 பவுண்டு, எதிரே போவ் 235 பவுண்டு, போவ் ஜெயித்தார். அடுத்த வருடம் ஹோலிஃபீல்ட் 217-க்கு ஏறி வந்து, முட்டி மோதாமல் நகர்ந்து ஆடி, 246 பவுண்டு போவிடமிருந்து பட்டத்தை மீட்டார். (7-ஆம் சுற்றில் ஒரு ஆள் பாராசூட்டோடு வளையத்தில் வந்து விழுந்து ஆட்டமே நின்றது. அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.) 1999-இல் அதே ஹோலிஃபீல்ட் லெனாக்ஸ் லூயிஸிடம் ஒன்று டிரா, ஒன்று தோல்வி. 2024-இல் உசிக் இரண்டு முறையும் ஃப்யூரியை வென்றார். இரண்டாவது முறை 226-க்கு எதிராக 281.

ஆக, நல்ல பெரியவரை வெல்ல முடியும். ஆனால் வென்றவர்கள் யாரும் 190 பவுண்டுக்காரர்கள் இல்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். மார்சியானோவின் பட்டப் போட்டிகளில் எதிரே நின்றவர்களில் மிகக் கனமானவர் 205 பவுண்டு காக்கெல். அலியோ 6 அடி 3 அங்குலம். தன் காலத்தில் பெரும்பாலும் அவரே பெரிய ஆள். அவர் மேதைமையில் உருவத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

படி 5: கிளிஞ்சை மட்டும் தனியாகப் பாருங்கள்

2020 பிப்ரவரி ஃப்யூரி - வைல்டர் போட்டியை, வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். கட்டிப்பிடிக்கும்போது ஃப்யூரியின் முன்கை வைல்டரின் பிடரியில் விழுகிறது. மார்பு தோள்மேல் சாய்கிறது. வைல்டர் குனிந்தபடி 273 பவுண்டை மூட்டை போல் தாங்குகிறார். நடுவர் வந்து பிரித்ததும் வைல்டரின் கால்களைப் பாருங்கள். 7-ஆம் சுற்றில் அவர் மூலையிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் துண்டு வந்து விழுந்தது.

நோட்டில் மூன்று கேள்விகள்: யார் தலை கீழே? யார் முதலில் விலகுகிறார்? விலகியதும் சின்னவரின் கால் நகர்கிறதா? உசிக் குத்தியதும் பக்கவாட்டில் நழுவி விடுகிறார். சாய்வதற்கு ஃப்யூரிக்கு ஆளே கிடைப்பதில்லை. 2009-இல் 316 பவுண்டு வாலுயெவிடம் ஹேயும் இப்படித்தான் 12 சுற்றும் ஓடி ஓடி ஜெயித்தார். பார்க்கச் சலிப்பூட்டும், ஆனால் பாடம்.

படி 6: தீர்ப்பு

1952 மார்சியானோ, 2020 ஃப்யூரி: 184-க்கு 273. மார்சியானோ உள்ளே போய்த்தான் குத்தியாக வேண்டும், உள்ளே போனால் அந்த முன்கை. ஜெயிப்பது ஃப்யூரி.

1966 நவம்பர் அலி, அதே ஃப்யூரி: அன்றைய அலியின் கால்களை யாரும் பிடித்ததில்லை. புள்ளிகளில் அலி.

ஜோ லூயிஸ், லெனாக்ஸ் லூயிஸ்: லெனாக்ஸ் பக்கம் சாய்கிறேன். ஆனால் 1994-இலும் 2001-இலும் ஒற்றை வலது கைக் குத்தில் வீழ்ந்தவர் அவர் என்பதால் பந்தயம் கட்ட மாட்டேன்.

பிற்சேர்க்கை: "குத்தின் வலிமைக்கு இடமே இல்லையா?" என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். நியாயம்தான். 2018-இல் வெறும் 212.5 பவுண்டு வைல்டர், 256.5 பவுண்டு ஃப்யூரியை இரண்டு முறை கீழே தள்ளினார். எனவே படி 4-க்குப் பிறகு ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: சின்னவர் இதுவரை வீழ்த்தியவர்களிலேயே மிகக் கனமானவர் யார், அவரை எந்தச் சுற்றில் வீழ்த்தினார். மொத்த நாக் அவுட் எண்ணிக்கையை எழுத வேண்டாம்.