ஜீவனாம்ச வழக்கு வேறு, குடும்ப அட்டை வேறு: கடலூரில் தனித்து வாழும் தாய்மார்களுக்கு

கணவரைப் பிரிந்து பிள்ளைகளுடன் வாழும் பெண், ஜீவனாம்ச வழக்குப் போட்டால்தான் ரேஷன் அரிசி கிடைக்கும் என்று எவரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம். அமெரிக்காவில், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழந்தையின் பராமரிப்புத் தொகையை வசூலிக்க ஒத்துழைப்பதை உணவு உதவிக்கான நிபந்தனையாக்க மாநிலங்கள் விரும்பினால் முடியும். வன்முறைக்கு அஞ்சும் தாய்க்கு விலக்கும் உண்டு. நம் சட்டத்தில் அத்தகைய நிபந்தனை இல்லை, இருக்கவும் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் குடும்ப அட்டையைக் கவனியுங்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்பத் தலைவியாகக் கொள்கிறது. கணவரின் அட்டையிலிருந்து உங்கள் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் நீக்குவதில்தான் பெரும்பாலும் சிக்கல் எழும். அவர் ஒத்துழைக்க மறுத்தால், தனித்து வாழ்வதை விளக்கி வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மூலம் மனு அளித்து, நேரில் விசாரிக்கக் கோருங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதன் நகலை இணைத்து மீண்டும் மனு அளிக்கலாம்.

ஜீவனாம்சத்தை, நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவின் கீழ், கணவர் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கோரலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே கூறுவதால், அதையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.