டிராக்கிங் தளம் மாறியபின் அஃபிலியேட் கமிஷன் குறைகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் மச்சான், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கியூஆர் கோடு அட்டையை ஒட்டியிருந்தார். ஸ்கேன் செய்தால் தென்னை ஏறும் கருவி விற்கும் பக்கம் திறக்கும். அது என் அஃபிலியேட் லிங்க், அதாவது அந்த வழியாக வந்து யாராவது வாங்கினால் நிறுவனம் எனக்குக் கமிஷன் தரும். பொள்ளாச்சிக்கும் சித்தூருக்கும் நடுவே தோப்பு வைத்திருப்பவர்கள் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) பம்புசெட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். மரம் ஏற ஆள் கிடைக்காத பேச்சும் அங்கேதான் நடக்கும். அதனால் அந்த அட்டை எனக்கு நல்ல சம்பாத்தியம் தந்துகொண்டிருந்தது.

கருவி விற்கும் நிறுவனம் தன் அஃபிலியேட் திட்டத்தை வேறொரு டிராக்கிங் தளத்துக்கு (யார் அனுப்பிய ஆள் வாங்கினார் என்று கணக்கு வைக்கும் தளம்) மாற்றியது. மெயில் வந்தது, பாதி படித்தேன். புதுத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன், என் வலைத்தளத்தில் இருந்த லிங்க்குகளை மாற்றினேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். அட்டை ஞாபகத்துக்கே வரவில்லை. மாதம் 9,000 ரூபாய் வந்த இடத்தில் 3,400 வந்தது. "மாப்ளே, தினமும் நாலு பேர் ஸ்கேன் பண்றாங்க, பக்கமும் சரியாத்தான் திறக்குது" என்றார் மச்சான். அந்தப் பேச்சை நம்பி மூன்று மாதம் ஓட்டிவிட்டேன்.

பக்கம் திறக்கிறது என்பதாலேயே லிங்க் வேலை செய்கிறது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. லிங்க்கைத் தொட்டதும் நாம் நேராகக் கடைக்குப் போவதில்லை. முதலில் டிராக்கிங் சர்வருக்குப் போகிறோம். அது ஒரு க்ளிக் எண் போட்டுக் குறித்துக்கொண்டு கடையில் இறக்கிவிடுகிறது. பிறகு ஆர்டர் விழும்போது கடை அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கமிஷன் நம் பெயரில் ஏறும். தளம் மாறும்போது பல நிறுவனங்கள் பழைய லிங்க்கைச் சாகவிடாமல் பொருளின் பக்கத்துக்கே திருப்பிவிடும், ஆனால் நம் எண் வழியிலேயே உதிர்ந்துவிடும். வாங்குகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மச்சான் கடையிலேயே நின்று ஸ்கேன் செய்து, போனின் அட்ரஸ் பாரை நீளமாக இழுத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கேள்விக்குறிக்கு அப்புறம் என் ஐடி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

ஆகவே வலைத்தளத்தோடு நின்றுவிடாதீர்கள். யூடியூப் வீடியோவின் விவரப் பகுதி, வாட்ஸ்அப் குழுவில் பின் செய்த செய்தி, யாருக்கோ அனுப்பிய பிடிஎஃப், அச்சடித்த நோட்டீஸ் எல்லாவற்றையும் தேடிப் பிடியுங்கள். அச்சில் போனதை மாற்ற முடியாது. அதனால் வெளியே கொடுக்கும் எந்த லிங்க்கும் உங்கள் தளத்தின் சொந்த முகவரியாக இருக்கட்டும், அங்கிருந்து நிறுவனத்துக்குத் திருப்பிவிடுங்கள். அப்படித் திருப்பும்போது 301 என்ற திருப்புதல் எண் வேண்டாம், தற்காலிக மாற்றமான 302 போடுங்கள். 301 என்பது நிரந்தர மாற்றம், பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு நீங்கள் மாற்றிய பிறகும் பழைய இடத்துக்கே ஓடும்.

வருமானம் இறங்கியதும் கூகுளைத் திட்டுவது அடுத்த தவறு. கூகுள்தான் கைவிட்டது என்று நானும் ராத்திரி பகலாக நான்கு கட்டுரை எழுதினேன். அதற்கு முன், கூகுள் தேடலிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் செர்ச் கன்சோலைத் திறந்திருந்தால், வருகை அப்படியே இருப்பது தெரிந்திருக்கும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வருகை, க்ளிக், ஆர்டர், கமிஷன் நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். வருகை குறையாமல் க்ளிக் குறைந்தால் லிங்க்கில் கோளாறு. க்ளிக் இருந்தும் ஆர்டர் இல்லையென்றால் டிராக்கிங்கைச் சந்தேகப்படலாம். ஆர்டர் இருந்தும் பணம் குறைந்தால் கமிஷன் விகிதத்தையும் ரத்தான ஆர்டர்களையும் பாருங்கள்.

இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. இரண்டு தளங்கள் க்ளிக்கை எண்ணும் முறை ஒன்றாக இருக்காது. ஒன்று ரோபோக்களின் க்ளிக்கையும், ஒரே ஆள் மூன்று தடவை தொட்டதையும் சேர்த்து எண்ணும். மற்றொன்று ஒரு ஆளுக்கு ஒரு க்ளிக்தான் என்று வடிகட்டிக் காட்டும். 600 க்ளிக் 350 ஆனதுமே நெஞ்சில் கை வைக்காதீர்கள், ஆர்டர் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள். நாள் கணக்கும் குழப்பும். ரிப்போர்ட் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் அதன் நாள் நம் காலை 5.30க்குத்தான் தொடங்கும். நம் விடியற்காலை ஆர்டர் அங்கே முந்தைய நாளில் நிற்கும்.

குக்கி காலத்தைப் படிக்காமல் புது ஒப்பந்தத்தை ஏற்பதுதான் என்னை அதிகம் வலிக்கவைத்தது. குக்கி என்பது நம் க்ளிக்கை வாங்குபவரின் பிரவுசரில் குறித்துவைக்கும் சின்னப் பதிவு, அதன் காலத்துக்குள் அவர் வாங்கினால்தான் நமக்குக் கமிஷன். பழைய தளத்தில் 30 நாள், புதியதில் 7 நாள். சட்டை விற்பவருக்கு இது பெரிய சேதம் இல்லை. அமேசான் திட்டத்தில் 24 மணி நேரம்தான், அதிலும் ஆட்கள் சம்பாதிக்கிறார்கள். ஆனால் தோப்புக்காரர் இன்று கருவியைப் பார்ப்பார், பக்கத்துத் தோட்டத்தில் விசாரிப்பார், அடுத்த வெட்டுக்குக் காய் போட்டுப் பணம் கைக்கு வந்த பிறகுதான் வாங்குவார். ஒரு வெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒன்றரை மாதம் போகும். 7 நாள் குக்கி அவரை எங்கே பிடிக்கும்? ஐபோன்காரர்களிடம் கதை இன்னும் மோசம். ஐபோனில் உள்ள சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கிகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளம் வைப்பவை) முழுசாகத் தடுக்கிறது. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வைக்கும் குக்கிக்கும் 7 நாள்தான் ஆயுள். கடையின் சர்வரே நேராக டிராக்கிங் சர்வருக்குச் சொல்லும் முறை இருந்தால் இழப்பு குறையும். புதுத் தளத்தில் அது இருக்கிறதா என்று திட்ட மேலாளரிடம் கேளுங்கள். லிங்க்கைத் தொட்டதும் கடையின் ஆப் திறந்தால் அந்த ஆர்டர் கணக்கில் வருமா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று உங்கள் லிங்க்கிலேயே நீங்கள் பொருள் வாங்காதீர்கள். பல திட்டங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, கணக்கே போய்விடும். விளம்பரத் தடுப்பானை அணைத்து, இன்காக்னிடோவில் ஒரு க்ளிக் செய்து, அது ரிப்போர்ட்டில் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

பழைய தளத்தின் கதவு சாத்துவதற்குள் ரிப்போர்ட்டுகளை இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் எதுவும் இருக்காது. பணம் எடுக்கத் தேவையான குறைந்தபட்சத் தொகையைத் தொடாமல் அங்கே கிடக்கும் பாக்கியையும் அப்போதே எழுதிக் கேளுங்கள். தளங்கள் மூடப்படுவது அபூர்வம் இல்லை. அவின் என்ற அஃபிலியேட் நிறுவனம், 2017-ல் வாங்கிய ஷேர்ஏசேல் தளத்தை 2025-ல் மூடி, திட்டங்களைத் தன் தளத்துக்கே நகர்த்தியது. புதுக் கணக்கில் பான் எண்ணும் ஏறியிருக்க வேண்டும். இந்திய நிறுவனம் தரும் கமிஷனில் டிடிஎஸ் பிடிப்பு 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். பான் இல்லையென்றால் 20 சதவீதம் போகும். டிராக்கிங் கோளாறு என்று நாம் குதிப்பது சில நேரம் இதுவாகவே இருக்கும்.

"வருமானம் குறைந்துவிட்டது, பாருங்கள்" என்று மெயில் போட்டால் மன்னிப்புக் கேட்டுப் பதில் வரும், வேறொன்றும் வராது. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். இரண்டாவது மெயிலில் பழைய லிங்க், அது போய் நிற்கும் முகவரி, சோதனை க்ளிக்கின் தேதி, இந்திய நேரம், அட்ரஸ் பாரின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வைத்தேன். நான்காம் நாள் திருப்புதலைச் சரிசெய்தார்கள், அட்டையிலிருந்து மறுபடி ஆர்டர் ஏறியது. போன மூன்று மாதக் கமிஷன் கிடைக்கவில்லை. க்ளிக் எண்ணே பதிவாகாதபோது எந்த ஆர்டர் என்னுடையது என்று அவர்களாலும் சொல்ல முடியாது. குக்கி 7 நாளாகத்தான் இருக்கிறது. அதனால் மாதம் 6,000 தாண்டவில்லை. மச்சான் கடையில் இப்போது ஒட்டியிருக்கும் புது அட்டை என் தளத்து முகவரிக்குத்தான் போகிறது.