ஹட்டனில் வாங்கிய பழைய திட்ட வீடு: பின்சுவர் ஈரத்தை நிறுத்திய விதம்

மலையை வெட்டிக் கட்டிய பழைய வீடமைப்புத் திட்ட வீடுகள் மலிவாகக் கிடைத்தால், முதலில் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். இந்த வீட்டில் தரையிலிருந்து 3 அடிக்குப் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்தது. உள்ளே நீர்புகாப் பூச்சு அடித்தது வீண்செலவு. மண் பக்கமிருந்து தள்ளும் தண்ணீர் ஒரே மழைக்காலத்தில் அதைக் கொப்பளிக்க வைத்துவிட்டது.

வெளியே வேலை செய்த பிறகே ஈரம் நின்றது. சுவரை ஒட்டிய மண்ணை, வீட்டுத் தரைமட்டத்துக்கு 9 அங்குலம் கீழ்வரை, ஒன்றரை அடி அகலத்தில் எடுத்தோம். 4 அடித் துண்டுகளாகத்தான் தோண்ட வேண்டும். மொத்தமாக வெட்டினால் மேட்டுமண் சரியும், அத்திவாரமும் ஆழமில்லை. பிறகு 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வைத்துக் கொங்கிறீட் கான் (வடிகால்). மேட்டுப் பக்கக் கருங்கல் மதிலில் தண்ணீர் வெளியேற 5 அடிக்கு ஒன்றாக 2 அங்குலப் பிவிசி குழாய். குழாயின் பின்னால் முக்கால் அங்குலக் கல் நிரப்பாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும், பாஸ்மார் (மேசன்மார்) பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உப்பேறிய பூச்சைக் கல் தெரியக் கொத்தி, இரண்டு மாதம் காயவிட்டே மறுபூச்சு.

முற்பணம் கொடுக்கமுன் நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் 30 வருட உறுதி வரலாற்றைப் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அளிப்புக் காணியென்றால் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%. மேட்டில் பிறை வடிவ வெடிப்போ சாய்ந்த மரமோ இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கைக்கு வரும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.