டயரில் இருப்பதை முழுதாகப் படியுங்கள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர் ஒருவர் தமது பலேனோ காருக்கு நான்கு புது டயர் போட்டுக்கொண்டு வந்து காட்டினார். வண்டி கொஞ்சம் உயர்ந்து மிடுக்காகத்தான் நின்றது. ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பியதும் முன்சக்கரப் பக்கம் 'கரக்' என்று ஓர் உரசல். குனிந்து பார்த்தோம். மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டில் நான்கு விரல் அகலத்துக்கு டயர் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தது. பழைய டயர் 195/55 ஆர்16. புதியது 205/60 ஆர்16. "ரிம் 16தானே, பொருந்தும் என்றார்கள். அகலம் கூடினால் பிடிமானமும் கூடுமாம்" என்றார்.

பொருந்துவது வேறு, சரியாக இருப்பது வேறு. ரிம்மில் ஏறிவிட்டது என்பதால் காருக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அதுவும் தரையைத் தொடும் பட்டையின் அகலம் அல்ல. பக்கச்சுவர் புடைத்திருக்கும் இடத்தில் எடுத்த அளவு. 55 என்பது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. கடைசியில் வரும் 16 மட்டும் அங்குலம். ஒரே வரிக்குள் மூன்று விதக் கணக்கு! நடுவில் நிற்கும் 'ஆர்' ரேடியஸைக் குறிக்கிறது என்று கடைக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது ரேடியல், அதாவது டயரின் உள்கட்டமைப்பு. 16 அங்குலம் ரிம்மின் விட்டம், ஆரம் அல்ல.

நண்பரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 195இல் 55 சதவீதம் ஏறத்தாழ 107 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பக்கச்சுவர்கள். ரிம் 406 மி.மீ. மொத்த விட்டம் 621. புது டயருக்கு இதே கணக்கு 652 தருகிறது. ஐந்து சதவீதம் அதிகம். ஸ்பீடாமீட்டர் முள் எதைக் காட்டினாலும், வண்டி முன்பு அந்த முள்ளுக்கு ஓடியதைவிட நூற்றுக்கு ஐந்து கூடுதலாக ஓடும். முதல் கியரில் இழுவை மந்தமாகும். வளைவில் நெகிழும் பக்கச்சுவரும் உயர்ந்துவிட்டது. பிடிமானத்துக்காகச் செலவழித்தவருக்கு இது நேர் எதிர்ப் பலன்.

அளவை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே காரின் விலை குறைந்த மாடல்களில் 185/65 ஆர்15 வருகிறது. அதைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் 621தான். ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவர் குறைந்து மொத்த விட்டம் மாறாமல் நிற்கிறது. நிறுவனம் போடும் கணக்கே இதுதான். மூன்று சதவீத வித்தியாசம் வரை பரவாயில்லை என்று பலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஒன்றரையைத் தாண்ட வேண்டாம். 205/50 ஆர்16 விட்டத்தில் ஏறத்தாழ அந்த எல்லையில் நிற்கும். ரிம்மின் அகலம் அந்த டயருக்கு ஏற்றதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேக எழுத்து. அளவுக்குப் பின்னால் 87வி என்பதுபோல் வரும் குறியின் கடைசி எழுத்து அது, டயர் தாங்கும் உச்ச வேகம். டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300. எச் ஏன் அகர வரிசையை விட்டு டிக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று குழம்ப வேண்டாம். தொடக்கத்தில் எஸ், எச், வி என்று சில எழுத்துகளே இருந்தன. மற்றவை பிறகு இடையிடையே வந்து சேர்ந்தவை.

"நான் நூறைத் தாண்டுவதே இல்லை, 240 எனக்கு எதற்கு?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. விரைவுச்சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்சவரம்பே 120தான், கேள்வி நியாயமானது. ஆனால் அந்த எழுத்து உங்கள் வேகத்துக்குக் கொடுத்த அனுமதி அல்ல. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான கணக்கு. ஆய்வகத்தில் புது டயரைச் சுழலும் உருளை மீது வைத்து, சரியான காற்றோடும் குறித்த பாரத்தோடும் ஓட்டிப் பெற்ற எண் அது. மே மாத மதியத்தில், நான்கைந்து பி.எஸ்.ஐ. காற்று குறைந்து, ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டியுமாகத் திருச்சி சாலையில் மூன்று மணிநேரம் ஓடும் டயர் வேறு. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிரும். சூடு அங்கேதான் பிறக்கிறது. வி கேட்கும் காருக்கு விலை குறைவு என்று எச் போடுவது, அந்தச் சூட்டுக்கு ஒதுக்கி வைத்த இடத்தை விற்றுவிடுவது. நான்கில் இரண்டு மட்டும் எச் என்றாலும், வண்டிக்கு எல்லை எச்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டபிள்யூ போட்டால் மழையில் வழுக்காது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்து ஈரப் பிடிமானத்தை அளப்பதே இல்லை. அதை முடிவு செய்வது ரப்பர்க் கலவையும் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்களும்தான். நவம்பர் மழையில் தேங்கிய நீர்மேல் அகலமான டயர் இன்னும் எளிதாக மிதக்கும்.

எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 87வி என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். 84 என்றால் 500தான். நான்கு சக்கரத்துக்கு 2,000 கிலோ வருகிறதே என்று கூட்டி மகிழ வேண்டாம். பிரேக் மிதித்தால் பாரம் முன்னால் சாயும். கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கம் சாயும். 'எக்ஸ்எல்' என்று போட்ட டயர் கூடுதல் பாரம் தாங்கும், ஆனால் அதிகக் காற்று வைத்தால் மட்டுமே. பழைய அழுத்தத்திலேயே ஓட்டினால், அந்தக் கூடுதல் காகிதத்தில்தான் இருக்கும். காற்று எவ்வளவு என்பதற்கு ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். டயரில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு.

வயதையும் பார்க்க வேண்டும். டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். விலை கூடிய டயர்கள் சிறிய ஊர்க் கடைகளில் மெதுவாகத்தான் விற்கும். பெரிய தள்ளுபடி சொன்னால் முதலில் அந்த நான்கு இலக்கங்களைத் தேடுங்கள்.

நண்பர் இரண்டே வாரத்தில் அந்த நான்கையும் அதே கடையில் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்தார். இம்முறை கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு டயரையும் உருட்டி உருட்டி அவரே படித்தார். மூன்று டயர்களில் ஒரே தேதி. நான்காவது ஒரு வருடம் மூத்தது. "வேறு எடுங்கள்" என்றார். கடைப்பையன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.