மஞ்சள் சிக்லிட் முட்டைகளுக்கு ஒரு பாட்டில் தொட்டில்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் மஞ்சள் சிக்லிட் மீன் தன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து, ஓயாமல் புரட்டி அடைகாக்கும். என்னிடமிருந்த தாய் மீனோ ஒவ்வொரு முறையும் பாதியில் விழுங்கிவிட்டது. எடுத்துக் கிண்ணத்தில் வைத்தால் அசைவில்லாமல் பூஞ்சை பிடித்தது.

அரை லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டி, கழுத்தில் நைலான் வலை கட்டி, தொட்டிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டேன். முட்டைகளை வலைமேல் இட்டு, வெட்டிய பக்கத்தை மூடி, அதில் ஒரு குழாயைச் செருகி, காற்றுப் பம்பை இணைத்தேன். குழாய்க்குள் ஏறும் காற்றுக்குமிழிகள் பாட்டில் நீரையும் இழுத்துச் செல்லும். கழுத்து வழியே புதுநீர் வரும். குமிழி முட்டையைத் தொடவே கூடாது, அதுதான் முக்கியம்! பம்பின் காற்று வால்வைத் திருகித் திருகி, முட்டைகள் துள்ளாமல் மெல்லப் புரளும் அளவுக்குக் காற்றைக் குறைத்தேன். வெளுத்தவற்றை அன்றாடம் அகற்றினேன்.

26 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் வால்கள் துடித்தன. மஞ்சள்கரு கரைய மேலும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை தீனி வேண்டாம்.