விழுந்து கிடப்பவரைத் தூக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சென்னையில் ரோட்டில் ஒருவர் விழுந்தால் கூட்டம் கூட நேரமே ஆகாது. நாலு பேர் கைகாலைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவார்கள், இன்னொருவர் வாயில் சோடா ஊற்றுவார். எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் அவருக்கு என்ன ஆச்சு என்று யாரும் பார்ப்பதில்லை. முதல் இரண்டு நிமிடத்தில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன். முதலுதவி வகுப்பில் கற்றது, பிறகு எங்கள் அபார்ட்மென்டிலேயே உதவியது.

1. இடம்
வரும் வண்டிகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் பெட்டி பக்கம் தண்ணீர் தேங்கியிருந்தால் அதில் கால் வைக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்தும்வரை அவரைத் தொடாதீர்கள்.

2. நினைவு
இரண்டு தோளையும் தட்டி, "ஐயா, கேக்குதா?" என்று சத்தமாகக் கேளுங்கள். பதில் இல்லையா? பொதுவாகக் கத்தாமல் ஒருவரைக் கைகாட்டி, "அண்ணா, நீங்க 108-க்கு அடிங்க, ஸ்பீக்கர்ல போடுங்க" என்று சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குப் போய்விடும்.

3. மூச்சு
பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். நெற்றியில் ஒரு கை, தாடைக்கு அடியில் இரண்டு விரல். தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, 10 விநாடிக்குள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம். பதற்றத்தில் நம் விரல் துடிப்பே அவருடையதுபோலத் தெரியும்.

இதயம் நின்ற பிறகும் சிலர் கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். குறட்டை மாதிரி ஒரு சத்தம், பிறகு நீண்ட இடைவெளி. அது மூச்சே இல்லை. பெரம்பூரில் எங்கள் பக்கத்து ஃபிளாட் தாத்தா விழுந்தபோது, "மூச்சு இருக்கு, ஒண்ணும் ஆகல" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வாய் மட்டும்தான் அசைந்தது, மார்பு அசையவில்லை. உடனே மார்பை அமுக்க ஆரம்பித்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை நானும் வாட்ச்மேன் அண்ணனும் மாறி மாறி அமுக்கினோம்.

அமுக்கும் இடம் மார்பின் நடு எலும்பு. ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. சந்தேகமாக இருந்தாலும் ஆரம்பித்துவிடுங்கள்.

மூச்சு சீராக இருந்து, அடிபட்டதாகத் தெரியவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விபத்தென்றால் கழுத்தை அசைக்காதீர்கள். வாந்தி எடுத்தால் மட்டும் தலை, கழுத்து, உடம்பை ஒரே நேர்கோட்டில் புரட்டுங்கள்.

4. ரத்தம்
பீய்ச்சி அடித்தால் மூச்சைப் பார்ப்பதற்கு முன்பே இதைக் கவனியுங்கள். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டவே வேண்டாம்.

5. பேசுபவராக இருந்தால்
எங்கே வலி, என்ன மாத்திரை, எது ஒத்துக்காது, கடைசியாக எப்போ சாப்பிட்டார் என்று கேளுங்கள். மாத்திரை அட்டையைப் போட்டோ எடுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதி வையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். டாக்டர் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.

வலிப்பென்றால் சாவிக்கொத்து உதவாது. பக்கத்தில் இருக்கும் பொருளை நகர்த்திவிட்டு நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

பெரிய முதலுதவிப் பெட்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு ஜோடி கையுறை, ஒரு பருத்தித் துண்டு, ஒரு மார்க்கர் பேனா. வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தால் போதும்.

பின்சேர்க்கை: போலீஸ் கேஸ் ஆகுமே என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயர் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்கும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்றும் கேட்டார்கள். மூச்சு விடுகிறார் என்றால் அப்படியே விடுங்கள். மூச்சு இல்லை, முகம் மூடியிருக்கிறது என்றால் ஒருவர் கழுத்தை இரண்டு பக்கமும் தாங்க, இன்னொருவர் மெல்ல உருவுங்கள்.